தமிழ்ச் சங்கம் மலையாளமும் சொல்லிக் கொடுக்கட்டும்

மாலை ஐந்தரை மணி முதல் எட்டு மணி வரை நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? நம் சங்க உறுப்பினர்களிடம் இதைக் கேட்டால் 'டியூஷனில்' என்று உடனே பதில் வரும். கணக்குக்கு ஒரு வாத்தியார், இயற்பியலுக்கு ஒருவர், அதற்குப் பிறகு இந்தி, வீணை, சதுரங்கம் என்று நம் பிள்ளைகளுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனால் இதே கேள்வியைச் சங்கத்தின் வாசற்படியை ஒருநாளும் மிதித்திராத தமிழர்களிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும். தெருமுனையில் துணி தேய்த்துக் கொடுப்பவர், தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர், கட்டட வேலைக்கு வந்தவர், தவணையில் துணி விற்க வீடு வீடாக ஏறி இறங்குபவர் ஆகியோரும் நம்மைப் போலவே பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்த தமிழர்கள்தாம். அவர்களுடைய பிள்ளைகள் அந்த நேரத்தில் வண்டிக்கு அருகில் உட்கார்ந்திருக்கும். அல்லது பூட்டிய வீட்டுத் திண்ணையில் அம்மா வரும் வரை காத்திருக்கும். பையில் வீட்டுப்பாடம் இருக்கும். சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இருக்காது.

அந்தப் பிள்ளைகளுக்காக நம் சங்கம் ஒரு மாலை நேரக் கல்வி நிலையம் தொடங்க வேண்டும். அதில் தமிழோடு மலையாளமும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. தலைப்பைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கட்டுரையை முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் வங்கி வேலையாகத் திருவனந்தபுரம் வந்தவன். இங்கேயே வேலை பார்த்து, இங்கேயே ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்டேன். எங்கள் தெருவில் துணி தேய்க்கும் குடும்பம் ஒன்று உண்டு. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவர்களுடைய மகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். பன்னிரண்டு சட்டை, எட்டு வேட்டி, நான்கு சேலை என்று கணக்குச் சொன்னால், நான் பேனாவை எடுப்பதற்குள் எவ்வளவு தர வேண்டும் என்று சொல்லிவிடுவாள். ஆனால் கணக்குப் பரீட்சையில் அவள் வாங்கிய மதிப்பெண் நூற்றுக்கு முப்பத்தொன்று. ஒருநாள் விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரியாகச் செய்திருந்தாள். வாக்கியமாகக் கேட்டிருந்த கேள்விகளை மட்டும் அப்படியே விட்டிருந்தாள். "ஏம்மா இதை எழுதல?" என்று கேட்டேன். "கேள்வி புரியல தாத்தா" என்றாள். அவளுக்குத் தெரியாதது கணக்கு அல்ல. அந்தக் கேள்வி இருந்த மலையாளம்.

பேச்சு மலையாளம் அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் பட்ட பாடு. புத்தக மலையாளம் வேறு. சமஸ்கிருதச் சொற்கள் நிறைந்த அந்த நடையை வீட்டில் யாரும் பேசுவதில்லை. மலையாளக் குடும்பத்துப் பிள்ளை இடறினால் தாயோ பாட்டியோ எடுத்துச் சொல்லுவார்கள். நம் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கையைக்கூட அந்தத் தாய் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்துதான் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். அவளும் படிக்கத் தெரியாதவள் அல்லள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எல்லை தாண்டியதும் அவளுடைய எழுத்தறிவு செல்லாக் காசாகிவிட்டது.

மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி செய்து தர வேண்டும் என்று இந்திய அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு கூறுகிறது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்ட பிரிவு இது. அதை நாம் வலியுறுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இருந்தாலும் நடைமுறை என்ன? கேரளச் சட்டப்பேரவை 2017இல் நிறைவேற்றிய சட்டத்தின்படி பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயப் பாடம். மொழிச் சிறுபான்மையினருக்கென்று தனி வழிவகைகள் இருக்கின்றன. ஆனால் தமிழ்ப் பள்ளி அருகில் இல்லாத ஊரில், வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு கூலித் தொழிலாளி அவற்றைத் தேடிப் போக முடியுமா? அவருடைய குழந்தை பக்கத்துப் பள்ளிக்குத்தான் போகும், மலையாளத்தில்தான் படிக்கும். அது தட்டுத் தடுமாறிப் பின்தங்கி, ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டால், தமிழுக்கு என்ன லாபம்? பிழைக்கத் தெரியாத ஒரு தமிழன் கூடுவதைத் தவிர வேறு லாபம் இல்லை.

எல்லை தாண்டிய தமிழருக்கு இது புதிய சங்கதியும் அல்ல. திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை போகும் வழியில் உள்ள பாலராமபுரத்தை எண்ணிப் பாருங்கள். கைத்தறிக்குப் பேர் போன சிற்றூர். 2009இல் அந்த ஊர்ச் சேலைக்கும் வேட்டிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால் வள்ளியூர், நாகர்கோவில் பகுதிகளிலிருந்து சாலியர் குடும்பங்கள் அழைத்து வரப்பட்டு, அரச குடும்பத்துக்குத் துணி நெய்யக் குடியமர்த்தப்பட்டார்கள். தறி நின்ற வீடுகள் தெருத்தெருவாக அமைந்தன. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கைத்தொழில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது, வீட்டிலேயே ஒருவர் அருகில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததால்தான். எழுத்துக்கும் அப்படி ஒருவர் அருகில் உட்கார வேண்டும். எந்த மொழியானாலும், எந்தப் பாடமானாலும் இதுதான் விதி.

அருகில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதில் கேரளம் நாடறிந்த முன்மாதிரி. நீலம்பேரூரில் பிறந்த பி.என்.பணிக்கர் 1926இல் தம் சொந்த ஊரில் ஒரு சிறு வாசகசாலையைத் தொடங்கினார். 1945இல் அம்பலப்புழையில் 47 வாசகசாலைகளின் பிரதிநிதிகளைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தை அமைத்தார். அந்தக் கூட்டத்தைத் தொடங்கி வைத்தவர் வந்தவாசியில் பிறந்த தமிழரான திவான் சி.பி.ராமசாமி ஐயர். அந்தச் சங்கம் கேரளமெங்கும் வளர்ந்து 1975இல் யுனெஸ்கோவின் குருப்ஸ்கயா விருதைப் பெற்றது. பணிக்கர் மறைந்த ஜூன் 19ஆம் நாளைக் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. 1991 ஏப்ரல் 18ஆம் நாள் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டதே, அது எப்படி நடந்தது? பள்ளிக்கூடங்களால் மட்டும் அல்ல. மாலை வேளைகளில் திண்ணைகளிலும் வாசகசாலைகளிலும் ஊதியம் வாங்காமல் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த ஆயிரக்கணக்கான தொண்டர்களால் நடந்தது.

நம் சங்கத்துக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நூலகங்களை அரசாங்கம் நடத்துகிறது. கேரளத்திலோ ஊர் வாசகசாலையை ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். உறுப்பினர்களே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நூலக மன்றம் அவற்றுக்கு மானியம் தருகிறது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, நெடுமங்காடு, காட்டாக்கடை என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒரு வாசகசாலை கண்ணில் படும். பல வாசகசாலைகளில் சிறுவர்களுக்கென 'பாலவேதி' என்ற பிரிவும் உண்டு. மாலையில் அந்தக் கட்டடத்தில் ஓர் அறை கேட்டு நாம் போனால் கதவைச் சாத்துவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நாம்தான் இதுவரை கேட்டதில்லை.

மலையாளம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை தமிழை மறந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒருவரை நினைவூட்டுகிறேன். சாலைக் கடைத்தெருவை நம் இலக்கியத்தில் நிலைநிறுத்திய ஆ.மாதவன் திருவனந்தபுரத்தில் 1934இல் பிறந்தவர். பள்ளியில் படித்தது மலையாளம். தமிழைத் தாமாகவே கற்றார். சாலையில் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே எழுதினார். 2015இல் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது. 2021இல் மறைந்தார். மலையாளம் அவருடைய தமிழைக் கெடுக்கவில்லை. மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வல்லமையையே தந்தது. ஆனால் மாதவனைப் போல் தானே முட்டி மோதிக் கற்பவர் ஆயிரத்தில் ஒருவர். மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் கைபிடித்து அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும்.

பிள்ளையின் வீட்டு மொழியிலிருந்து தொடங்கினால் பள்ளி மொழி எளிதாகும் என்பதற்குக் கேரளத்திலேயே சான்று இருக்கிறது. எறணாகுளம் மாவட்டத்தில் வட நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் குழந்தைகளுக்காக 2017இல் மாவட்ட நிர்வாகம் 'ரோஷ்ணி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பினானிபுரம் அரசுப் பள்ளி அதற்கு முன்னோடி. பள்ளி தொடங்குவதற்கு முன்பே அந்தக் குழந்தைகளை வரவழைத்து, காலைச் சிற்றுண்டி கொடுத்து, அவர்களுடைய மொழி தெரிந்த தன்னார்வலர்கள் அந்த மொழியிலேயே பேசத் தொடங்கி, படிப்படியாக மலையாளத்துக்கு அழைத்து வந்தார்கள். இடையில் நின்றுவிடக்கூடிய பிள்ளைகள் பள்ளியில் நிலைத்தார்கள். திட்டம் மாவட்டத்தின் மற்றப் பள்ளிகளுக்கும் விரிந்தது. இந்தி பேசும் பிள்ளைக்கு மாவட்ட நிர்வாகம் செய்ததைத் தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழ்ச் சங்கம் செய்யக்கூடாதா?

தாயகத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. மாலை ஐந்து மணிக்கு மேல் ஊர்ப் பொது இடத்தில் ஒரு தன்னார்வலர், சுமார் இருபது குழந்தைகள், ஒன்றரை மணி நேரம். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத் தொகை. அவ்வளவுதான் ஏற்பாடு. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் தமிழகக் கிராமத்துக் குழந்தைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கண்டார்கள். பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள் நடத்திய வகுப்புகள் இவை. பெரிய கட்டடமோ விலை உயர்ந்த கருவிகளோ இல்லை.

கடல் கடந்த தமிழரும் வழி காட்டியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் சனசமூக நிலையம் இல்லாத ஊரைக் காண்பது அரிது. பத்திரிகை படிக்கும் இடமாகவும், பாலர் பள்ளியாகவும், ஊர்க் கூட்டம் நடத்தும் மன்றமாகவும் அது இருந்து வருகிறது. சிங்கப்பூரில் இந்தியப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதைக் கண்டு 1991இல் 'சிண்டா' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. வேலை பார்க்கும் இந்தியர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஒரு சிறு தொகை அதற்குப் போகிறது. வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் குறைந்த கட்டணத்தில் துணைப்பாட வகுப்புகள் நடக்கின்றன. தங்கள் பிள்ளை நன்றாகப் படித்தாலும் பிறர் பிள்ளைக்காகப் பணம் கொடுக்கிறார்கள். பொங்கல் விழாவுக்கு ஒன்றுகூடுவது மட்டும் சமூகம் ஆகாது, இதுவும் சேர்ந்ததுதான்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். எல்லா ஊரிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் உள்ள ஒரு சிற்றூரில், ஒரு வாசகசாலையில் ஓர் அறை போதும். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை இருபது பிள்ளைகள். வாரத்தில் ஐந்து நாள், மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை. முதல் ஒரு மணி நேரம் அன்றைய வீட்டுப்பாடம்: கணக்கு, ஆங்கிலம், மலையாள வாசிப்பு. அடுத்த அரை மணி தமிழ் எழுத்தும் படிப்பும். கடைசி அரை மணி விளையாட்டு, ஓவியம், சிறு அறிவியல் சோதனை, கதை சொல்லல். சனிக்கிழமை வாசகசாலைப் புத்தகங்களை எடுத்துப் படிக்கட்டும். தமிழுக்குப் பாடத்திட்டம் தேடி அலைய வேண்டாம். 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக் கழகம் மழலைக் கல்வி முதல் சான்றிதழ் வகுப்பு வரை பாடங்கள் வைத்திருக்கிறது. வெளி மாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் தொடர்பு மையங்கள் வழியாகத் தேர்வும் நடத்துகிறது.

சொல்லிக் கொடுக்க இருவர் தேவை: தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர், மலையாளம் நன்றாகத் தெரிந்தவர் ஒருவர். இரண்டும் அறிந்த கல்லூரி மாணவ மாணவியர் இந்த மாவட்டத்தில் ஏராளம். எப்போதும் இரண்டு பெரியவர்கள் அறையில் இருக்க வேண்டும்; பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம்; இருட்டியபின் சிறுமிகளைத் தனியே அனுப்பக்கூடாது. இவற்றை முதல் நாளே விதியாக எழுதி ஒட்டிவிட வேண்டும்.

செலவு? இருவருக்கும் மாதம் மூவாயிரம் வீதம் ஆறாயிரம் ரூபாய். மின்சாரம், நோட்டுப் புத்தகம், சுண்டல், தேநீர் என்று ஆயிரம். மாதம் ஏழாயிரம், ஆண்டுக்கு எண்பத்து நான்காயிரம். நூறு குடும்பங்கள் மாதம் எழுபது ரூபாய் கொடுத்தால் தீர்ந்தது கணக்கு. ஒரு குடும்பம் ஒருமுறை ஓட்டலுக்குப் போனால் எழுபது ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

மறுப்புகள் வரும் என்று தெரியும். "தமிழ் வளர்க்கத்தானே சங்கம்? மலையாளம் கற்பிக்க அரசாங்கம் இருக்கிறதே" என்பார்கள். தமிழ் வகுப்பு என்று தனியாக வைத்த இடங்களில் முதல் மாதம் முப்பது பிள்ளைகள் வந்து, மூன்றாம் மாதம் நான்கு பேராகக் குறைவதை நாம் பார்த்ததில்லையா? காரணம் பிள்ளைகளின் ஆர்வக் குறைவு அல்ல. நாளைய பரீட்சைக்கு உதவாத வகுப்புக்கு அனுப்ப ஏழைத் தாய்க்கு மனம் வராது. வீட்டுப்பாடம் முடித்துத் தருகிறோம், மலையாளம் சொல்லித் தருகிறோம் என்றால் அனுப்புவாள்; அங்கே அரை மணி தமிழும் கிடைத்தால் மகிழ்வாள். தமிழை நாம் உள்ளே கொண்டு செல்வதற்கு மலையாளமே வாசலாகும்.

"அவர்கள் இன்று இந்த ஊர், நாளை வேறு ஊர், நிலையாக இருக்க மாட்டார்களே" என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான். அதனாலேயே இரண்டு மொழியும் வேண்டும். குடும்பம் ஊருக்குத் திரும்பினால் பிள்ளை தமிழகப் பள்ளியில் சேர வேண்டும். அப்போது தமிழ் எழுதத் தெரியாவிட்டால் வயதுக்கு ஏற்ற வகுப்பில் தடுமாறும். இங்கேயே தங்கினால் மலையாளம் வேண்டும். இரண்டு கரையிலும் கால் ஊன்ற முடியாத பிள்ளையாக அதை விட்டுவிடக் கூடாது.

சங்கம் என்றால் யாருடைய சங்கம் என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது. ஆண்டு விழா மேடையில் சிறப்பு விருந்தினர் தமிழின் தொன்மையைப் பேசும்போது நாம் முன் வரிசையில் அமர்ந்து கை தட்டுகிறோம். அந்த மேடைக்குப் பந்தல் கட்டியவரும், நம் வேட்டி சட்டையைத் தேய்த்துக் கொடுத்தவரும் தமிழர்களே. அவர்கள் உள்ளே வரத் தயங்குகிறார்கள். பிள்ளைகளின் வழியாக அவர்களை அழைத்து வர முடியும் என்று நான் நம்புகிறேன்.

செயற்குழு அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கூட்டத்தில் இந்தப் பொருளை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் கொண்ட ஒரு சிறு குழு அமையுங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஏதேனும் இரண்டு வாசகசாலைகளுக்குச் சென்று நிர்வாகிகளோடு பேசுங்கள். வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது முதல் வகுப்பும் திறக்கட்டும். வங்கியில் முப்பது ஆண்டு கணக்கு எழுதியவன் என்ற முறையில் வாரம் இரண்டு நாள் கணக்குப் பாடம் எடுக்க நான் தயார். என் வீட்டு எழுபது ரூபாயும் முதல் மாதத்திலிருந்தே வந்துவிடும். இன்னும் தொண்ணூற்றொன்பது குடும்பங்கள் வேண்டும். வருவீர்களா?